கேளுங்கள், சொல்கிறேன்: பிளேடும் டேப்பும் செய்த இசை

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கி வாசிக்கிற சின்தசைசர் வருவதற்கு முன்னால் டேப்பை வெட்டி ஒட்டியே மின்னணு இசை செய்தார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஸ்பூல் டேப்போடு வேலை பார்த்தவன் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதம் வேறு எதற்கும் இடமில்லை. சரி, அதே பேச்சைத் தொடர்வோம்.

கேள்வி: 1963-இல் வந்த ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையில் சின்தசைசரே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். யூடியூபில் கேட்டுப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. பிறகு அந்தச் சத்தமெல்லாம் எங்கிருந்து வந்தது?
– கல்லூரி மாணவர், திருச்சி

தாராளமாக நம்பலாம். அதில் சின்தசைசர் இல்லை, வாத்தியக் குழு இல்லை, பல ஒலிகளை ஒரே டேப்பில் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்கிற மெஷின்கூட இல்லை.

லண்டனில் மைடா வேல் என்ற பகுதியில் பிபிசிக்கு ஒரு பெரிய கட்டடம் இருந்தது. 1958-இல் அங்கே ‘ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்’ என்று ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கினார்கள். வானொலி நாடகங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் வேண்டிய விசித்திரமான ஒலிகளைச் செய்து தருவதுதான் அதன் வேலை. டாஃப்னி ஓரம், டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்ற இருவர் சேர்ந்து ஆரம்பித்தது. ஓரம் மறு வருடமே வெளியேறி, கென்ட் பக்கம் தனியாக ஒரு கூடம் வைத்துக்கொண்டு, ஃபிலிம் சுருளில் கோடு வரைந்தால் அது ஒலியாக மாறுகிற ஓர் இயந்திரத்தைக் கட்டினார். அவரைப் பற்றித் தனியாகவே ஓர் இதழ் எழுத வேண்டும்.

நீங்கள் கேட்ட இசையைச் செய்தவர் டீலியா டார்பிஷர். கவன்ட்ரியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் குண்டுவீச்சில் நொறுங்கியபோது அவருக்கு மூன்று வயது. விமானத் தாக்குதல் சைரனும், ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் சைரனும்தான் தன் காதில் விழுந்த முதல் மின்னணு இசை என்ற பொருளில் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று ஒரு ரெக்கார்ட் கம்பெனி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பிபிசியில் சேர்ந்து, 1962-இல் இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

மெட்டை எழுதியவர் ரான் கிரெய்னர். அவர் கொடுத்தது ஒரே ஒரு தாள். ஸ்வரங்களோடு, இந்த இடத்தில் ‘மேகம்’, இந்த இடத்தில் ‘காற்றுக் குமிழி’ என்கிற மாதிரிக் குறிப்புகளும் அதில் இருந்தன. அந்தத் தாளை ஒலியாக்கும் வேலை டீலியாவுக்கு வந்தது, உதவிக்கு டிக் மில்ஸ் என்ற பொறியாளர்.

அடியில் குதிரை ஓடுவது போல ஒரு தாளம் வருகிறதே, அது ஒற்றைக் கம்பி. பலகையில் இழுத்துக் கட்டிய ஒரு கம்பியை ஒரு முறை மீட்டி டேப்பில் பதிந்துகொண்டார்கள். அந்த ஒரு மீட்டலை வேறு வேறு வேகத்தில் ஓடவிட்டுப் பிரதி எடுத்தார்கள். டேப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் மேல் ஸ்தாயி ஸட்ஜமாகிவிடும், ஒலிக்கும் நேரமும் பாதியாகக் குறையும். நடுவில் இருக்கிற ஸ்வரங்களுக்குக் கணக்குப் போட வேண்டும். ஒரு ஸ்வரஸ்தானம் மேலே போக வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூட வேண்டும். டீலியா லாகரிதம் அட்டவணைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாராம். இப்படிச் செய்துகொண்ட ஒவ்வொரு ஸ்வரத்தையும் தேவையான நீளத்துக்கு வெட்டி, வரிசையாக ஒட்டினார்கள். ஊளையிட்டு ஏறி இறங்குகிற மேல் மெட்டு, கருவிகளைச் சோதிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கிற, ஒற்றை நாதம் தருகிற ஆசிலேட்டரின் குமிழைக் கையால் திருப்பியது. ‘உஸ்ஸ்’ என்று வருவது, ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது வருகிற இரைச்சலை வடிகட்டியது.

ஒவ்வொரு வரிசையும் தனித்தனி டேப். எல்லாவற்றையும் தனித்தனி மெஷின்களில் ஏற்றி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி, இன்னொரு டேப்பில் கலந்து பதிய வேண்டும். பதிந்து பார்த்தால் எங்கோ ஒரு ஸ்வரம் இடறுகிறது. எந்த டேப்பில் என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. மைடா வேலில் நீளமான ஒரு தாழ்வாரம் உண்டு. டேப்களைக் கொண்டுபோய் அங்கே தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். ஒட்டு விழுந்த இடங்கள் எல்லா டேப்பிலும் நேருக்கு நேர் வர வேண்டும். அப்படியே நடந்துகொண்டே பார்த்துப் போனால், ஓரிடத்தில் ஓர் ஒட்டு மட்டும் விலகி நின்றது. பிழை கிடைத்துவிட்டது. காதுக்குத் தப்பிய பிசகைத் தரையில் நடந்து கண்ணால் பிடித்திருக்கிறார்கள்! இந்த வேலை தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், இதை முதல் முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தன் மெட்டு இப்படி உருமாறி வந்ததைக் கேட்ட கிரெய்னர், ராயல்டியில் பாதியை டீலியாவுக்குத் தர விரும்பினார். அலுவலக விதி இடம் கொடுக்கவில்லை. தொடர் 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. திரையில் டீலியாவின் பெயர் வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். அவர் 2001-லேயே காலமாகிவிட்டார். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி: டேப்பை வெட்டி ஒட்டுவது என்றால் நிஜமாகவே கத்தரிக்கோலால் வெட்டுவதா? எந்த இடத்தில் வெட்டுவது என்று எப்படித் தெரியும்?
– வாசகி, கோயம்புத்தூர்

நல்ல கேள்வி. டேப்பை எடுத்துப் பார்த்தால் முழுக்க ஒரே பழுப்பு நிறம். ஒலி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று எதுவும் தெரியாது. அதனால் காதால் தேட வேண்டும்.

மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு ஸ்பூலையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்வோம். டேப், அதிலுள்ள ஒலியைப் படிக்கிற ஹெட்டைத் தொட்டபடியே இருக்கும். மாவு சலிக்கிற மாதிரி முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால், ஸ்பீக்கரில் பேச்சு ‘உர்ர்... உர்ர்’ என்று அடித்தொண்டையில் உறுமும். ‘கண்ணன்’ என்ற சொல்லை வெட்டப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘க’வுக்கு முன்னால் ஒரு துளி மௌனம் இருக்கும். அடுத்து ஒரு தட்டு. அந்தத் தட்டு ஹெட்டின் மேல் வந்து நிற்கிற இடத்தில் டேப்பின் முதுகில் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. பிறகு டேப்பை எடுத்து, பள்ளம் வெட்டிய ஓர் அலுமினியக் கட்டையில் படுக்கவைப்போம். கட்டையில் சாய்வாக ஒரு கீறல் இருக்கும். சவர பிளேடு அந்தக் கீறலில் ஓடும். நேராக வெட்டினால் ஒலி சட்டென்று மாறுவது காதில் உறுத்தும், சாய்த்து வெட்டினால் ஒன்று மெல்லக் கரைந்து இன்னொன்று வரும். இரண்டு முனையையும் முட்டவைத்து, மேலே ஒட்டு டேப் போட்டு, நகத்தால் அழுத்தித் தேய்த்தால் ஆயிற்று.

நாங்கள் ஓட்டிய வேகத்தில் ஒரு விநாடிக்கு 38 சென்டிமீட்டர் டேப் போகும். நிமிடத்துக்கு 120 அடி விழுகிற தாளம் என்றால் ஒரு அடிக்கு 19 சென்டிமீட்டர், அரை அடிக்கு ஒன்பதரை. தாளம் என்பது எங்களுக்கு ஸ்கேலில் அளக்கிற விஷயம். வெட்டிய துண்டுகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிவைப்போம். அவசரத்துக்குக் கழுத்தில் மாலையாகவும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கத்தரிக்கோல், பிளேடு எதுவாக இருந்தாலும் காந்தம் ஏறியிருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிளேடை ஒரு ஸ்பீக்கரின் முதுகில் வைத்துவிட்டேன். அங்கே இருப்பது பெரிய காந்தம். அது தெரியாமல் அதே பிளேடால் ஒரு நாடகத்துக்கு நாற்பதுக்கு மேல் வெட்டு. ஓடவிட்டால் ஒவ்வொரு ஒட்டிலும் ‘டிக்’. நாயகி அழுகிற இடத்தில் ‘டிக்’, மழை பெய்கிற இடத்தில் ‘டிக்’. என் குருநாதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூலப் பதிவின் பிரதியை எடுத்துக் கையில் கொடுத்து, புது பிளேடு ஒன்றையும் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முடிக்கும்போது பால்காரர் வந்துவிட்டார்.

கேள்வி: தங்கள் சிபாரிசை நம்பிச் சிலவற்றைக் கேட்டேன். ஐம்பது வருடமாகக் கச்சேரி கேட்கிற என் காதுக்கு இது வெறும் சத்தமாகத்தான் படுகிறது. இதை எப்படி இசை என்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

ஐயா, உங்கள் காதை நான் மதிக்கிறேன். வாதாடுவதற்குப் பதிலாக, நானே செய்துபார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

பாரிஸில் வானொலிப் பொறியாளராக இருந்தவர் பியேர் ஷேஃபர். 1948-இல் அவர் ஒரு மணியோசையைப் பதிவு செய்து, அதில் அடி விழுகிற அந்தக் கணத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். மணி மறைந்துவிட்டது! ஊதுகிற வாத்தியம் போல ஒரு கார்வை மட்டும் வந்தது. இதைப் படித்த அன்று இரவே வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுபோய் நானும் செய்தேன். முதல் அடியைப் பிளேடால் சீவி எறிந்துவிட்டுக் கேட்டால், நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவார்களே, அந்தச் சாயலில் ஒரு நீள நாதம். முப்பது வருடமாக என் காதில் விழுந்த அதே மணி. அதற்குள் இது இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கூப்பிட்டுக் கேட்கவைத்தபோது, அது எங்கள் வீட்டு மணி என்று என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

ஷேஃபர் அதே வருடம் பாத்திஞோல் ரயில் நிலையத்தில் என்ஜின்களைப் பதிவு செய்து, ரயில் ஓசைகளால் மட்டும் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு படைப்பைச் செய்தார். 1948 அக்டோபர் 5 அன்று அது வானொலியில் ஒலிபரப்பானது. அப்போது அவரிடம் டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டில் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் முள் திரும்பத் திரும்ப அங்கேயே சுற்றும். அதையே தாளமாக்கினார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டுவதற்குத் தொடையில் தாளம் போடாத தமிழன் உண்டா ஐயா? அந்தக் காதோடு ஒரு முறை கேளுங்கள்.

ஜெர்மனியில் கொலோன் வானொலிக்காரர்களின் போக்கு வேறு. வெளி உலக ஒலியைப் பதிவதை விட்டுவிட்டு, மின்சாரத்தில் பிறக்கிற சுத்தமான ஒற்றை நாதங்களை அடுக்கி ஒலியை அடியிலிருந்து கட்டினார்கள். பாரிஸுக்கும் கொலோனுக்கும் கொஞ்ச நாள் பெரிய சண்டை. 1956-இல் கொலோன் அணியைச் சேர்ந்த ஸ்டாக்ஹவுசன் என்ற இசையமைப்பாளர் ஒரு சிறுவனின் பாட்டுக் குரலையும் அந்த மின் ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து, 13 நிமிடப் படைப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ‘கெஸாங் டெர் யூங்லிங்க’ என்று தேடினால் கிடைக்கும். குரல் எங்கே முடிந்து மின் ஒலி எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. நீங்கள் பாட்டு தெரிந்தவர், அதனால் இதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் எனக்குத் தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: இந்த வகை இசையை உலகிலேயே முதலில் ஆரம்பித்தவர் ஷேஃபர்தானே?
– வாசகர், தூத்துக்குடி

அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அதற்கு நாலு வருடம் முன்பே, 1944-இல், எகிப்தில் கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற இளைஞர் அங்குள்ள வானொலி நிலையத்தில் ஒரு கம்பிப் பதிவுக் கருவியை இரவல் வாங்கினார். டேப்புக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பியில் பதிகிற கருவி அது. பெண்கள் பேயோட்டுகிற ‘ஸார்’ சடங்கின் பாட்டைப் பதிவு செய்து, நிலையத்தின் எதிரொலி அறையில் ஓடவிட்டு, சொற்கள் கரைந்து குரலின் நிழல் மட்டும் மிஞ்சுகிற மாதிரி ஆக்கினார். இனி முதலாமவர் யார் என்று யாராவது கேட்டால் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மூக் சின்தசைசர் வந்ததும் டேப் வேலை ஒழிந்துவிட்டதா?
– கீபோர்டு வாசிப்பவர், சேலம்

ஒழியவில்லை. ராபர்ட் மூக் தன் முதல் கருவியைச் செய்தது 1964-இல். அதுவரை பெரும்பாலும் ஆசிலேட்டரின் குமிழைக் கையால்தான் திருப்ப வேண்டும். ராபர்ட் மூக் செய்த ஏற்பாட்டில் வோல்டேஜ் அந்தக் குமிழைத் திருப்பும். ஒரு வோல்ட் கூட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். பெரிய வசதிதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே வரும். இரண்டு விரலால் அழுத்தினாலும் ஒன்றுதான்.

1968-இல் வெண்டி கார்லோஸ், ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை முழுக்க மூக் சின்தசைசரிலேயே வாசித்து வெளியிட்ட ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ தட்டு லட்சக்கணக்கில் விற்றது. நாலு குரல் ஒன்றாக வருகிற இடம் என்றால், ஒவ்வொன்றையும் தனியாக வாசித்து, எட்டு டிராக் டேப்பில் அடுக்க வேண்டும். அதிலும் கருவியில் சுருதி நிற்காது. கொஞ்சம் வாசித்து, நிறுத்தி, சுருதி சேர்த்து, மறுபடி கொஞ்சம். தம்புராவின் சுருதியை நொடிக்கொரு தரம் சரிசெய்துகொண்டே ஒரு முழுக் கச்சேரியைப் பாடி முடித்த மாதிரி. உங்கள் கீபோர்டில் பத்து விரலுக்கும் பத்து ஸ்வரம் வருகிறதே, ஒரு நாளைக்கு ஒற்றை விரலால் நாலு டிராக் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குரலும் தனியாக எப்படி நடக்கிறது என்பது பிடிபடும்.

கேள்வி: நம் நாட்டில் அந்தக் காலத்தில் யாராவது இதைச் செய்தார்களா, அல்லது எல்லாம் வெளிநாட்டுக் கதைதானா?
– வாசகி, புதுச்சேரி

செய்தார்கள். அதுவும் 1969-லேயே. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், என்ஐடி என்பார்களே, அங்கே ஒரு மூக் சின்தசைசரும் டேப் மெஷின்களும் வந்து இறங்கின. அமைத்துக் கொடுத்தவர் டேவிட் டியூடர். நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருடன் வேலை செய்த பியானோ கலைஞர்.

அகமதாபாத்துக்கு அவர் எப்படி வந்தார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். கீதா சாராபாய். மிருதங்கம் மாதிரியான வடநாட்டுத் தோல் வாத்தியம் பக்கவாஜ், அதை வாசித்தவர். 1946-இல் நியூயார்க் போனபோது ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்றார், பதிலுக்கு அவருக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார். காசு பணம் கிடையாது, பாடத்துக்குப் பாடம். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அமைதியாக்கி, தெய்வ அருள் வந்து தங்க இடம் செய்வதற்காக என்று தன் குரு சொன்னதை அவர் சொன்னார். கேஜ் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. என்ஐடியைத் தொடங்கியதில் முன்னின்றவர்கள் கீதாவின் உடன்பிறந்தவர்களான கௌதமும் கீராவும்.

அந்தக் கூடத்தில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் வேலை செய்தார்கள். மாத்தூரின் ஒரு படைப்புக்கு ‘என் பறவைகள்’ என்று பெயர், இன்னொன்றுக்கு ‘ஒரு காலத்தில் நான் தம்புரா வாசித்தேன்’. ஜோஷிபுரா அப்போது கட்டடக்கலை மாணவர், விண்வெளிப் பயணத்தை ஒலியால் கட்டிப் பார்த்தார். பிறகு அந்த டேப்கள் நிறுவனத்தின் சேகரிப்பில் போய்த் தூங்கிவிட்டன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக் கலைஞர் தேடிப் போய் 2017-இல் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. 1969 முதல் 1972 வரை பதிவானவை.

நான் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டேன். மெஷினில் இருந்து கிளம்பி வருகிற நீள நாதத்தில், சுருதியில் உட்கார்ந்து பழகிய காது தெரிகிறது. குமிழை அவசரப்பட்டுத் திருப்பவில்லை. நாதம் நிற்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்த வருடங்களில் நம் நாட்டில் இப்படி ஒன்று நடந்ததை, இதே துறையில் இருந்த நான் வேலையை விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: பரணில் தாத்தாவின் ஸ்பூல் டேப்கள் பதினாறு கிடக்கின்றன. ஒரு பழைய மெஷினும் இருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?
– வாசகர், காரைக்குடி

தயவுசெய்து இப்போது போடாதீர்கள். பழைய மெஷினில் ரப்பர் இறுகியிருக்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது, டேப்பை இழுத்து அறுத்துவிடும்.

முதலில் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் டேப், கெட ஆரம்பித்துவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. தொடாதீர்கள், ஊதாதீர்கள். எழுபதுகளில் வந்த சில டேப்கள் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓட்டினால் கீச்சிடும், ஒலி பதிந்திருக்கிற பூச்சே உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்திய பிறகுதான் ஓட்ட முடியும். அதற்கென்று கருவி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டும், வீட்டு ஓவனில் முயலாதீர்கள். மற்றவற்றைப் புத்தகம் மாதிரி நிற்கவைத்து, வெயிலும் ஈரமும் ஸ்பீக்கரும் இல்லாத இடத்தில் வையுங்கள். பரண் வேண்டாம், உங்கள் ஊர் வெயிலுக்கு ஓட்டுக்கு அடியில் அடுப்பாகத்தான் இருக்கும்.

டேப்பில் பழைய ஒட்டுகள் இருந்தால் பசை காய்ந்து துண்டு துண்டாகக் கழன்று விழலாம். எந்தத் துண்டையும் எறியாதீர்கள். விழுந்த வரிசையிலேயே ஒரு காகிதத்தில் ஒட்டி எண் போடுங்கள். டீலியா டார்பிஷர் இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 ஸ்பூல்கள் கிடைத்தன, காலை உணவு சீரியல் வருகிற அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். இன்று அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அப்புறம், பெட்டியின் மேல் தாத்தா ஏதாவது எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் மற்ற எதையும் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கிற சீட்டையும் சேர்த்து. எந்த ஸ்பூல் எந்தப் பெட்டியில் இருந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பதினாறுக்கும் அதைச் செய்து முடித்துவிட்டு, ஸ்பூலின் அளவையும் டேப்பின் அகலத்தையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.